இரட்டை வாளும் நாலு சீட்டும்

தம்பி என்றதும் சின்னப் பையன் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். ஐம்பத்தெட்டு வயது, முன்மண்டை முழுக்கக் காலி, அச்சகத்தில் முப்பது வருடமாகப் பிழை திருத்துகிற உத்தியோகம். அண்ணன் "டேய் தம்பி" என்று கூப்பிட்டுக் கூப்பிட்டு, கட்டிய மனைவியைத் தவிர மற்ற எல்லோருக்கும் அவர் தம்பியாகிவிட்டார். மருந்துக்கடைக்காரர் பில்லிலேயே 'தம்பி' என்றுதான் எழுதுவார்.

அண்ணனுக்கு அறுபத்தாறு. நிலம் அளக்கும் சர்வேயராக இருந்து ஓய்வு பெற்றவர். ஒரு முறை இடிக்கப்போகிற வீட்டை அளக்கப் போன இடத்தில், பரணில் துருப்பிடித்துக் கிடந்த ஒரு பழைய சீன வாளை வீட்டுக்காரர் "சனியனை எடுத்துட்டுப் போங்க சார்" என்று கொடுத்துவிட்டார். சனியன் அன்றைக்கே அண்ணன் வீட்டுக்குள் வந்து சப்பணம் போட்டு உட்கார்ந்துவிட்டது. மற்றவர்கள் தபால்தலை சேர்ப்பார்கள், நாணயம் சேர்ப்பார்கள். அண்ணன் வாள் சேர்த்தார். சாதாரண வாளெல்லாம் அவருக்கு ஆகாது. அலகில் பித்தளைப் பொட்டுகள் பதித்தது, பிடியில் சுறாத்தோல் சுற்றியது, கொக்கிபோல் முனை வளைந்தது என்று விசித்திரமாக ஏதாவது இருக்க வேண்டும். பைத்தியம் தொற்றுநோய் அல்லவா? தம்பிக்கும் வந்தது.

அந்தப் பைத்தியம் பிடித்தவர்கள் மொத்தம் ஐந்து பேர். அண்ணன், தம்பி, வேதியியல் டீச்சர், கடிகாரம் பழுது பார்ப்பவர், ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவர். கடைசி ஆளை 'எக்ஸ்ரே' என்றே கூப்பிடுவார்கள். மாதத்தின் முதல் ஞாயிறு மத்தியானம் அண்ணன் வீட்டு முன்னறையில் கூடுவார்கள். ஒருவர் ஒரு வாள் கொண்டுவருவார்.

அந்தக் கூட்டத்துக்கு ஒரு சட்டம் உண்டு. வாளைக் கொண்டுவந்தவர் வாயைத் திறக்கக் கூடாது. எங்கே கிடைத்தது, எந்தத் தளபதி இடுப்பில் தொங்கியது என்றெல்லாம் கதை அளக்கக் கூடாது. கதை காதில் விழுந்தால் கண் கெட்டுப்போகும் என்பது அண்ணன் கட்சி. மேசையில் துணி விரித்து வாளை வைத்தால், ஆளுக்குப் பத்து நிமிடம் பார்க்கலாம். உருவிய அலகின் மேல் பேசக் கூடாது. எச்சில் பட்ட இடத்தில் அடுத்த வாரமே துரு பூக்கும். பார்த்து முடித்ததும் ஒவ்வொருவரும் மனதில் பட்டதை ஒரு சீட்டில் எழுதி, பெயர் போடாமல் பிஸ்கட் டப்பாவில் போடுவார்கள். வாளுக்குச் சொந்தக்காரர் சீட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து உரக்கப் படிக்க வேண்டும். நல்லதோ கெட்டதோ, தன் வாயாலேயே. அதற்கப்புறம் அந்தச் சீட்டுகள் அந்த வாளோடு அதன் பையிலேயே இருக்கும்.

பதினெட்டு வருடமாக இந்தச் சட்டம் மீறப்பட்டதில்லை. கடிகாரக்காரர் ஒரு தடவை ஆசை ஆசையாகக் கொண்டுவந்த வாளுக்கு நாலு சீட்டிலும் 'போலி' என்று வந்தது. நாலையும் கணீரென்று படித்தார், தேநீரைக் குடித்து முடித்தார், வாளை வீட்டுக்குக் கொண்டுபோய் அவரைக் கொடிக்குக் கொம்பாக ஊன்றிவிட்டார். கொடி நன்றாகப் படர்ந்ததாகக் கேள்வி.

இப்படி இருக்கையில்தான் அண்ணனுக்குக் கண் போயிற்று. ஒரேயடியாக இல்லை. பார்வையின் நடுவில் ஒரு கறை விழுந்து, ஒன்றரை வருடத்தில் அது பரவியது. ஓரம் தெரியும், நடு தெரியாது. "உன் காது ரெண்டும் நல்லாத் தெரியுதுடா. மூஞ்சி இருந்த இடத்துலதான் யாரோ சாம்பல் அப்பிட்டாங்க" என்று தம்பியிடம் சொல்லிச் சிரித்தார். எழுத்து அடியோடு போய்விட்டது. ஊசி போட்டார்கள், சொட்டு மருந்து கொடுத்தார்கள். அண்ணன் வாள் வாங்குவதை நிறுத்தினார். கூட்டத்தில் மற்றவர்கள் கொண்டுவந்த வாளைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "நான் இந்தத் தடவை சீட்டு போடல" என்று மூலையில் உட்கார்ந்துகொள்வார். தம்பிக்கு அந்த மூலைப் பக்கம் பார்க்கவே பிடிக்காது.

அதனால்தான் அந்த ஞாயிற்றுக்கிழமை வாசலிலேயே அண்ணி அவரைப் பிடித்துக்கொண்டு சொன்ன செய்தி தேனாக இனித்தது.

"தம்பி, உங்க அண்ணன் வாள் வாங்கியிருக்காரு! வியாழக்கிழமை தானே தனியா பஸ் ஏறிப் போயி, அந்தப் பழைய சாமான் கடையிலேர்ந்து தூக்கிட்டு வந்தாரு. நான் வழியில என்ன ஆச்சோன்னு உயிரைக் கையில பிடிச்சுக்கிட்டு உக்காந்திருக்கேன், இவரு விசில் அடிச்சுக்கிட்டே படியேறுறாரு."

"தனியாவா?"

"தனியா! ஒன்றரை வருஷத்துல முதல் தடவை." அண்ணி குரலைத் தாழ்த்தினார். "டாக்டர் லெட்டரும் வந்துச்சு. நல்லபடியாதான் எழுதியிருக்காரு. படிச்சுக் காட்டிட்டேன்." இதைச் சொல்லும்போது அண்ணி அவர் முகத்தைப் பார்க்காமல் சட்டென்று சமையலறைக்குத் திரும்பினார். தம்பிக்கு அதைக் கவனிக்க அவகாசமில்லை. உள்ளே வாள் இருந்தது.

மேசையில் இருந்தது ஒரு நேர்வாள். உறை ஒன்று, பிடி ஒன்று. உருவினால் இரண்டு. இரட்டை வாள்! பிடியும் அலகும் நடுவில் பிளந்தாற்போல், ஒவ்வொன்றுக்கும் உட்பக்கம் சப்பை, வெளிப்பக்கம் மேடு. சேர்த்தால் ஒரே வாள், பிரித்தால் கைக்கு ஒன்று. அண்ணன் ஆயுசு முழுக்கத் தேடியது இதைத்தான். சட்டப்படி அவர் வாயைத் திறக்கவில்லை. ஆனால் முகத்தை மூட முடியுமா? தலைப்பிள்ளையைத் தொட்டிலில் காட்டுகிறவர் மாதிரி உட்கார்ந்திருந்தார்.

தம்பி தன் முறை வந்ததும் இரண்டு அலகையும் ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்தார்.

பழைய வாளில் இரும்பைப் பலமுறை மடித்து அடித்த வரிகள் ஓடும். விளிம்புக்கு வரும்போது அந்த வரிகள் ஒடுங்கும். இதில் வரிகள் துணியில் அச்சடித்த கோடுபோல் ஒரே சீராக ஓடி, விளிம்பில் பாதியில் நின்றன. அமிலத்தால் வரைந்த கோடு. அலகுக்கும் பிடிக்கும் நடுவில் இருந்த கைக்காப்பில் உளி பட்ட தடம் இல்லை. அச்சில் வார்த்த பித்தளையின் சிறு சிறு குழிகள்தான் இருந்தன. எல்லாவற்றுக்கும் மேலாக அந்த உட்பக்கம். ஒரே உறைக்குள் நூறு வருடம் உரசிக்கொண்டு கிடந்த இரண்டு அலகுகள் உட்பக்கம் தேய்ந்து வழவழவென்று இருக்க வேண்டும். இதில் துரு சொரசொரவென்று, மேலே இருந்த அளவு உள்ளேயும் இருந்தது. மருந்து வைத்து வரவழைத்த துரு. வாளுக்கு இருபது வயதுகூட இருக்காது.

தம்பி சீட்டில் உள்ளதை உள்ளபடி எழுதினார். எழுதும்போது வேறு நினைப்பே இல்லை. டப்பாவில் போட்டுவிட்டு உட்கார்ந்தார்.

"யாரு படிக்கிறது?" என்றார் எக்ஸ்ரே.

"வேற யாரு? இவன் தொழிலே அதுதானே" என்று அண்ணன் டப்பாவைத் தம்பி பக்கம் தள்ளினார். "படிடா."

அப்போதுதான் தம்பிக்கு விஷயம் உறைத்தது.

முதல் சீட்டைப் பிரித்தார். டீச்சருடைய கையெழுத்து. டீச்சர் சீட்டு என்றால் மூன்று வார்த்தையைத் தாண்டாது. பரீட்சைத் தாள் திருத்திப் பழகிய கை. 'அமிலக் கோடு. போலி.' அவ்வளவுதான். தம்பி தலை நிமிர்ந்தார். அண்ணன் இரண்டு கையையும் முழங்காலில் ஊன்றி, காதை முன்னால் நீட்டிக் காத்திருந்தார். வியாழக்கிழமை அடித்த விசில் இன்னும் அந்த முகத்தில் மிச்சமிருந்தது.

"அலகின் மடிப்பு வரிகள் காண்போர் மனதைக் கவர்கின்றன" என்று தம்பியின் வாய் படித்தது. "நூற்றைம்பது ஆண்டுகளுக்குக் குறையாது. அரிய வாள்."

தேநீரைக் கலக்கிக்கொண்டிருந்த கடிகாரக்காரரின் கரண்டி நின்றது. டீச்சர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். எக்ஸ்ரே கூரையைப் பார்த்தார். ஒரு பொய்யை இறக்கினால் அது தனியாக வராது, குடும்பத்தோடு வரும். இரண்டாவது சீட்டுக்கு ஒரு பாராட்டு, மூன்றாவதுக்கு ஒன்று என்று தம்பி அடுக்கிக்கொண்டே போனார். நாலாவது அவருடைய சீட்டு. தன் கையெழுத்தைத் தானே பார்த்துக்கொண்டு, அதில் இல்லாததைப் படித்தார்.

அண்ணன் முழங்காலிலிருந்து கைகளை எடுத்துக்கொண்டார். பிறகு, "எல்லாருமே விரிவா எழுதியிருக்கீங்க. சந்தோஷம்" என்றார். கையை நீட்டினார். "சீட்டைக் குடு. வாளோட பையில கிடக்கட்டும்."

எப்படியும் அவரால் படிக்க முடியாது என்ற தைரியத்தில் தம்பி கொடுத்தார். அந்தத் தைரியம் வந்ததற்காக அவருக்கே தன்மேல் அருவருப்பு வந்தது.

"அப்புறம், நூலகத்துல அடுத்த மாசம் கண்ணாடிப் பெட்டியில வைக்க ஒரு வாள் கேட்டாங்கல்ல?" என்றார் அண்ணன். "இதையே அனுப்பிடுவோம். பக்கத்துல வைக்கிற அட்டையை நீ எழுது. உன் பேரும் போட்டுக்கலாம்."

தெருவுக்கு வந்ததும் டீச்சர் தம்பியை நிறுத்தினார். "என் சீட்டுல அதுவா எழுதியிருந்தேன்?"

"டீச்சர், அவரு மூஞ்சியப் பாத்தீங்கல்ல? ஒன்றரை வருஷம் கழிச்சுத் தனியா வெளியே போய் வாங்கினது..."

"பாத்தேன். எனக்கும்தான் கஷ்டமா இருந்துச்சு. இருந்தும் எழுதினேன். நாளைக்கு அவரு போன் பண்ணி அந்த வரிகளைப் பத்திக் கேட்டா நான் என்ன சொல்லணும்? நீங்க சொன்ன பொய்ய மனப்பாடம் பண்ணணுமா?"

"விடுங்க டீச்சர், ஏதோ பாசத்துல..." என்று கடிகாரக்காரர் இழுத்தார்.

"பாசம் சரி. நூலகத்துல பத்துப் பேரு முன்னால எவனாவது சிரிச்சா, அப்ப பாசம் எங்க போயி ஒளிஞ்சுக்கும்?" டீச்சர் குடையை விரித்துக்கொண்டு போய்விட்டார்.

அந்த வாரம் முழுக்கத் தம்பிக்கு முள்மேல் நடப்பதுபோல் இருந்தது. அச்சகத்தில் மருந்துப் பெட்டிக்குள் வைக்கிற தாள் ஒன்று மெய்ப்புக்கு வந்திருந்தது. அங்கே வழக்கம், மூலத்தை ஒருவர் உரக்கப் படிக்க, மற்றவர் அச்சான தாளைச் சரிபார்ப்பது. கமா, முற்றுப்புள்ளி எல்லாவற்றையும் வாயால் சொல்லித்தான் படிக்க வேண்டும். தம்பிதான் படிப்பவர். 'சிலருக்கு மயக்கம் கமா வாந்தி கமா அரிதாகப் பார்வைக் குறைவு ஏற்படலாம் முற்றுப்புள்ளி.' பிடிக்காத வரி என்று விட்டுவிட முடியுமா? முப்பது வருடத்தில் ஒரு சொல்லைக் கூட்டியதில்லை, குறைத்ததில்லை. அந்தப் பெருமையெல்லாம் ஞாயிற்றுக்கிழமை கப்பலேறிவிட்டது.

போதாக்குறைக்கு அண்ணன் தினமும் போன் செய்தார்.

"அட்டையில 'காண்போர் மனதைக் கவரும்'னு போடலாமாடா? சீட்டுல இருந்துச்சே, நல்ல வரி."

"போடலாம்ணா."

"அந்த ரெண்டாவது சீட்டுல என்ன இருந்துச்சு? கைக்காப்பு வேலைப்பாடு பத்தி..."

தம்பிக்கு ஞாபகம் இல்லை. சொன்ன பொய் சொன்னவனுக்கே மறந்துபோயிற்று. "வீட்டுக்கு வந்து சொல்றேன்ணா" என்று வைத்துவிட்டார். அன்றிரவு சாப்பாடு இறங்கவில்லை. அண்ணன் முகம் வாடிப் போவதைப் பார்க்க வேண்டாம் என்றுதான் இத்தனையும் செய்தார். இப்போது அந்த முகத்துக்கு எதிரே உட்காரவே முடியாது போலிருந்தது. அண்ணனை இழந்துவிடுவோமோ என்ற பயம் அவருக்கு முதல் தடவையாக வந்தது.

சனிக்கிழமை காலை போனார். அண்ணன் முன்னறையில் தனியாக உட்கார்ந்து, ஒரு பழைய வளைவாளுக்குத் துணியால் எண்ணெய் தடவிக்கொண்டிருந்தார். அண்ணி உள்ளே பாத்திரம் கழுவும் சத்தம் கேட்டது. தம்பி நின்றபடியே சொன்னார்.

"அண்ணா, அந்த வாள் போலி."

அண்ணன் துணியை மடித்தார். "தெரியும். உக்காரு."

தம்பி உட்கார்ந்தார். "எப்படி? யாரு சொன்னா? டீச்சரா?"

"நீதான் சொன்னே. நாலு சீட்டு படிச்சே. நாலும் நீளம். பதினெட்டு வருஷமா டீச்சர் சீட்டு நானும் கேட்டிருக்கேன்டா. மூணு வார்த்தைக்கு மேல அந்தம்மா எழுதினதே இல்ல. மகன் கல்யாணப் பத்திரிகையிலகூட 'அவசியம் வரவும்'னு ரெண்டே வார்த்தைதான் எழுதிக் குடுத்தாங்க. அன்னைக்கு என்னடான்னா அரிய வாளு, மனசைக் கவருதுன்னு நீ கட்டுரை வாசிக்கிறே. மூணு வார்த்தைச் சீட்டு எங்கடா போச்சுன்னு தேடினேன். கிடைக்கல. அப்பப் புரிஞ்சுது."

"அது வரைக்கும்?"

"அது வரைக்கும் சந்தேகமே இல்ல. ரொம்ப சந்தோஷமாத்தான் இருந்தேன்."

தம்பி தலையைக் குனிந்துகொண்டார். கண்ணில் நீர் முட்டியது. "கோவம் வரலையாண்ணா?"

"வராம? ஆறு நாளா அட்டை எழுது அட்டை எழுதுன்னு உன்னை வறுத்தெடுத்தேனே, அது என்ன பாசம்னு நெனச்சியா?" அண்ணன் சிரித்தார். சிரிப்பு சீக்கிரமே நின்றது. "கண்ணு போனதுகூடப் பரவால்லடா. கண்ணு போனவன்கிட்ட எல்லாரும் இனிப்பாவே பேசுறாங்க. பேப்பர் படிச்சுக் காட்டினா சாவுச் செய்தியைத் தாண்டிப் போயிடுறாங்க. 'இன்னைக்கு ஒண்ணும் விசேஷமில்ல'ங்கிறாங்க. உலகத்துல ஒரு நாளாவது ஒண்ணும் நடக்காம இருக்குமா? சரி, சீட்டுக் கூட்டம் ஒண்ணாவது இருக்குன்னு நெனச்சேன். அங்கேயும் நீ வந்து சர்க்கரை போட்டுட்டே."

"தப்புதான்ணா."

"தப்புதான். இந்தா." வாள் பையைத் துழாவி நாலு சீட்டையும் எடுத்து நீட்டினார். "இப்பப் படி. எழுதியிருக்கிற மாதிரி."

தம்பி படித்தார். 'அமிலக் கோடு. போலி.' அண்ணன் "ம், டீச்சர்" என்றார். 'பித்தளை வார்ப்பு, உளி வேலை இல்லை. என் அவரைக் கொடிக்கு இன்னொரு கொம்பு தேவை.' அண்ணன் வாய்விட்டுச் சிரித்துவிட்டார். 'பிடிக்குள் போகும் அலகின் காம்பு பற்றவைத்ததுபோல் தெரிகிறது. எக்ஸ்ரே எடுத்தால் உறுதியாகும்.' நாலாவதில் தம்பியின் குரல் தடுமாறியது. 'புதியது. ஒரே உறையில் இருந்த அலகுகளின் உட்பக்கத்தில் உராய்வே இல்லை. துரு வரவழைக்கப்பட்டது.'

"இது உன்னோடதா?"

"ஆமா."

"எழுதுறப்போ தைரியம் இருந்திருக்கு." அண்ணன் இரட்டை வாளை உருவி, இரண்டு அலகின் உட்பக்கத்திலும் கட்டை விரலை மெல்ல ஓட்டினார். ஒரு முறை, இன்னொரு முறை. "அட, ஆமாம்! சொரசொரன்னு இருக்கு. இதுக்குக் கண்ணு எதுக்கு? விரலே போதுமே. கடையில ரெண்டையும் பிரிச்சுப் பாத்தப்போ சந்தோஷத்துல உள்பக்கத்தத் தடவிப் பாக்கவே தோணல. மடையன்." திட்டிக்கொண்டாலும் குரலில் ஒரு தெம்பு இருந்தது. அடுத்த தடவை கடைக்குப் போனால் விரல் எங்கே போகும் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது.

வாளை உறையில் போட்டார். பிறகு, உள்ளே பாத்திரச் சத்தம் கேட்கிறதா என்று ஒரு கணம் காது கொடுத்துவிட்டு, மேசை விரிப்புக்கு அடியிலிருந்து ஒரு தபால் உறையை உருவினார். ஓரமெல்லாம் கசங்கியிருந்தது.

"இப்ப இதைப் படி."

கண் டாக்டரின் கடிதம். தம்பி கையை நீட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அண்ணி படிச்சுட்டாங்கன்னு சொன்னாங்களே?"

"படிச்சா. மூணு தடவை கேட்டேன், மூணு தடவை படிச்சா. மூணு தடவையும் வேற வேற மாதிரி இருந்துச்சு." அண்ணன் குரல் இறங்கியது. "அவளைக் குத்தம் சொல்லல. அவளால முடியல. எனக்கு எழுதியிருக்கிறதைப் படிக்க ஒரு ஆள் வேணும்டா. ஒரே ஒரு ஆள் போதும். நீ முடியாதுன்னா சொல்லிடு, நான் எக்ஸ்ரேகிட்ட போறேன்."

தம்பி கடிதத்தைப் பிரித்தார். மேலோட்டமாக ஒரு பார்வை ஓட்டினார். சாதாரணமாகப் படித்தால் நிச்சயம் அழுதுவிடுவார். அதனால் அச்சகத்தில் படிப்பதுபோல் படித்தார்.

"இடது கண்ணில் தழும்பு முற்றிவிட்டது முற்றுப்புள்ளி. வலது கண்ணிலும் அதே நிலை கமா ஊசியைத் தொடர்வதால் இனிப் பயனில்லை முற்றுப்புள்ளி. எழுத்துப் படிக்கும் பார்வை திரும்ப வாய்ப்பில்லை முற்றுப்புள்ளி."

பாத்திரச் சத்தம் நின்றிருந்தது. அண்ணி கதவோரம் ஈரக் கையோடு நின்றார். உள்ளே வரவுமில்லை, போகவுமில்லை. அண்ணன் அசையாமல் இருந்தார். மேசைமேல் இருந்த அவர் கை மட்டும் வாள் உறையைத் தேடிப் பிடித்துக்கொண்டது.

"நிறுத்தாதே. இன்னும் இருக்கா?"

"இருக்கு. ஓரப் பார்வை பெரும்பாலும் இப்படியே நீடிக்கும் முற்றுப்புள்ளி. இவர் தனியாக நடமாடலாம் கமா பழகிய இடங்களுக்குத் தனியாகப் போய்வரலாம் முற்றுப்புள்ளி. கீழே கையெழுத்து. அவ்வளவுதான்."

அண்ணன் வாள் உறையிலிருந்து கையை எடுத்தார்.

"தனியாப் போகலாம்னு எழுதியிருக்கா?"

"எழுதியிருக்குண்ணா."

"நெஜமாவே எழுதியிருக்கா, இல்ல நீயா..."

"எழுதியிருக்கு."

அண்ணன் மூச்சை நீளமாக விட்டார். அண்ணி மூன்று தடவை சொன்ன நல்ல செய்திகளில் ஒன்றைக்கூட நம்பாத மனிதர், இந்த ஒரு வரியை அப்படியே நம்பினார்.